மூன்றாவது பின்

ஐயா,

மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். மகள் பாடுவாள், நான் மிருதங்கம் வாசிப்பேன். கம்ப்யூட்டர், யுஎஸ்பி இண்டர்ஃபேஸ், இரண்டு ஆக்டிவ் ஸ்பீக்கர், ஒரு டைனமிக் மைக் இருக்கின்றன. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத ஹம் இருந்தது. எலக்ட்ரீஷியன் ஸ்பீக்கர் பிளக்குகளின் எர்த் பின்னை எடுத்துவிட்டார், ஹம் நின்றுவிட்டது. இருபதாயிரத்துக்குள் எந்தக் கன்டென்சர் மைக் வாங்கலாம்? சுவருக்கு முட்டை அட்டை போதுமா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

மைக் இருக்கட்டும். முதலில் போய் அந்த ஸ்பீக்கர்களின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இந்த மூன்றாவது பின்னைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பிளக்கில் அது மற்ற இரண்டையும்விடத் தடிமன், நீளம். செருகும்போது முதலில் தொடவேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விடவேண்டும் என்று யோசித்துச் செய்தது. அதைப் போய் எடுத்துவிட்டீர்களே! நாளைக்கு ஸ்பீக்கருக்குள் ஒரு ஃபேஸ் வயர் அதன் உலோக உடம்பில் தட்டினால் அந்த 230 வோல்ட் ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்) வழியாக, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இண்டர்ஃபேஸ் பெட்டிக்கு வரும். கம்ப்யூட்டரின் எர்த் ஒழுங்காக இருந்தால் மெல்லிய கம்பிகள் புகைந்துபோவதோடு போகும். அதுவும் இல்லையென்றால் மைக்கின் இரும்பு வலைவரை வரும். உங்கள் மகளின் உதடு அங்கேதான் இருக்கிறது.

ஹம் வந்த காரணம் வேறு. கம்ப்யூட்டர் ஒரு சுவரின் சாக்கெட்டில், ஸ்பீக்கர்கள் எதிர்ச் சுவரில் என்றுதான் இருக்கும். இரண்டின் எர்த்தும் சுவருக்குள் ஒன்றுசேர்கின்றன. ஆடியோ கேபிளின் ஷீல்டு வெளியே இன்னொரு தடவை சேர்க்கிறது. அது ஒரு வளையம். அதில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடி, சிக்னலுக்கு ஒரே கம்பி உள்ள சாதாரண மோனோ ஜாக்கில் பாட்டோடு கலந்துவிடுகிறது.

பின்னைத் திரும்பப் போட்டபின் ஸ்பீக்கரிலிருந்து ஆடியோ கேபிளை மட்டும் கழற்றுங்கள். ஹம் நின்றால் வளையம்தான். கழற்றியும் இருந்தால் கோளாறு ஸ்பீக்கருக்குள். ‘ஜ்ர்ர்’ என்று கரகரத்து, ஃபேனை நிறுத்தினால் நிற்கிறதென்றால் அது எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். விநாடிக்கு 100 முறை மின்சாரத்தை நறுக்குகிறது அது. பதிவு நேரத்தில் ஃபேன் வேண்டாம்.

வளையம் என்றால் எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் கொடுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட் தாங்கும், உங்கள் சாமான் மொத்தமும் அதில் பாதிகூட வராது. ஏசி மட்டும் தனி 16 ஆம்பியரில் இருக்கட்டும். பிறகு மோனோ கேபிளைத் தூக்கிப்போட்டுவிட்டு பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். ஒரே சிக்னல் இரண்டு கம்பியில் நேரும் தலைகீழுமாகப் போகிறது. ஸ்பீக்கர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், இரண்டிலும் ஒரே மாதிரி ஏறிய ஹம் கழிந்துவிடும். ஒரு முனையில் ஜாக்கும் மறுமுனையில் எக்ஸ்எல்ஆரும் (மூன்று பின் உள்ள வட்டக் கனெக்டர்) என்றால், ஜாக்கின் நுனி எக்ஸ்எல்ஆரில் 2-ஆம் பின்னுக்கு, நடு வளையம் 3-க்கு, ஷீல்டு சேரும் அடிப்பகுதி 1-க்கு. அப்படியும் லேசாக மிஞ்சினால் ஸ்பீக்கர் பக்கம் மட்டும் ஷீல்டை 1-இலிருந்து எடுக்கலாம். மைக் கேபிளில் அதைச் செய்யவே கூடாது. கன்டென்சர் மைக் வேலை செய்ய இண்டர்ஃபேஸ் அனுப்பும் 48 வோல்ட் அந்த ஷீல்டு வழியாகத்தான் திரும்புகிறது.

அந்த எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். டெஸ்டர் பேனா காட்டுவது ஃபேஸை மட்டும்தான். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் அதே நாளில் போட்டுவிடச் சொல்லுங்கள். உங்கள் இருபதாயிரத்தில் முதல் செலவு இதுதான்.

முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது, தீ மட்டும் நன்றாகப் பிடிக்கும். மரச்சட்டத்தில் நான்கு அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சுப் பலகை) வைத்துத் துணி போர்த்தி, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். அதுவரை டைனமிக் மைக்கே நல்லது; கன்டென்சர் வெறும் அறையின் எதிரொலியையும் சேர்த்துக் கேட்கும். எந்த கம்பெனி என்று அப்புறம் பேசலாம்.

கேபிளை நீங்களே செய்வதானால், சால்டரிங் அயர்ன் சூடாகும் முன்பே கனெக்டரின் மூடியைக் கேபிளில் கோத்துவிடுங்கள். மூன்று பின்னையும் பற்றவைத்த பிறகுதான் அது மேஜைமேல் கண்ணில் படும்.