மூக்கு போய் திரும்பி வந்தவ சொல்றேன்

கேள்வி: ஒரு அனுபவம் உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியுதே, அது ஒண்ணே போதுமா, எல்லாமே பௌதிகம்தான்ங்கற பிசிகலிசம் தப்புன்னு சொல்ல?

நீங்க அனேகமா அந்த மேரி கதையைப் படிச்சுட்டுதான் கேக்கறீங்க. பிராங்க் ஜாக்சன்ங்கற தத்துவ அறிஞர் 1982ல எழுதினது. கறுப்பு வெள்ளை ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடந்த விஞ்ஞானி, நிறத்தைப் பத்தின அத்தனை சயின்ஸும் அத்துப்படி, ஒருநாள் வெளிய வந்து சிவப்பைப் பாக்கறா. புதுசா ஏதோ தெரிஞ்சுக்கறா இல்ல? அப்ப சயின்ஸுக்குள்ள அடங்காத ஒண்ணு இருக்கு, பிசிகலிசம் அவுட், இதான் வாதம். நான் பிலாசபி படிச்சவ இல்ல, கடலூர் ஓ.டி.ல, அதான் ஓல்டு டவுன்ல, ப்ளஸ் டூ பசங்களுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கறவ. உடனே கமெண்ட்ல வந்து "முதல்ல ஒரிஜினல் கட்டுரையைப் படிங்க மேடம்"னு சொல்லாதீங்க, படிச்சாச்சு, ராத்திரி தூக்கம் வராம படிச்சேன், ஏன்னு சொல்றேன்.

எங்கப்பா கருவாட்டு வியாபாரம். கோணிப்பை வாயைப் பிரிக்காமலே உள்ள இருக்கறது வாளையா சுறாவான்னு சின்ன வயசுலயே சொல்லிடுவேன், அப்படி ஒரு மூக்கு. 2021 மே மாசம் கொரோனா வந்துச்சு, காய்ச்சல் நாலு நாள்ல விட்டுடுச்சு, மூக்கு மட்டும் போயே போச்சு. ஒருநாள் அடுப்பு பக்கத்துலயே நின்னு போன் பாத்துட்டு இருக்கேன், பால் சுண்டி அடிபுடிச்சு தீயுது, ஹால்ல இருந்து எங்க அத்தை ஓடி வந்து "ஏம்மா, இங்கயேதான நிக்கற, தெரியலயா?"ன்னாங்க. தெரியலயே.

அப்பதான் வெறி புடிச்ச மாதிரி படிக்க ஆரம்பிச்சேன். மனுஷ மூக்குல வாசனையைப் பிடிக்கற ரிசெப்டர் கிட்டத்தட்ட 400 வகை இருக்கு, அந்த ஜீன் குடும்பத்தைக் கண்டுபிடிச்ச லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ரெண்டு பேருக்கும் 2004ல நோபல், இந்த வைரஸ் பெரும்பாலும் வாசனை நரம்பை நேரா தொடறதில்ல, அதுக்கு முட்டு குடுத்துட்டு நிக்கற பக்கத்து செல்லைத்தான் அடிக்குது, நரம்பு திரும்ப முளைக்கும், எல்லாம் தெரியும். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நாலையும் காலைல ராத்திரின்னு மோந்து பாக்கற டிரெய்னிங் கூட பண்ணேன். படிப்பால வாசனை வரும்னா எனக்குத்தான் முதல்ல வந்திருக்கணும்.

நாலாவது மாசம் வந்துச்சு. காபி டம்ளரைத் தூக்கறேன், சாக்கடை ஓரத்துல டயர் எரிச்ச மாதிரி ஒரு நாத்தம், "மாதிரி"ன்னுதான் சொல்ல முடியும், உண்மையில அது எதோட மாதிரியும் இல்ல, அப்படி ஒண்ணை அதுக்கு முன்ன நான் மோந்ததே இல்ல. இப்படி வாசனை கோணலாத் தெரியறதுக்கு பரோஸ்மியான்னு பேரு. காபில இருக்கற ஃபுரான்மெத்தேன்தயால்ங்கற கந்தக மாலிக்யூல்தான் பல பேருக்கு இதைக் கிளப்பி விடுதாம். அதே மாலிக்யூல்தான் நல்ல மூக்குக்கு காபி மணம்! போர்டுல வரைஞ்சே காட்டுவேன், அஞ்சு மூலை வளையம், ஒரு ஆக்சிஜன், பக்கத்துல வாலு. எனக்கு நாறுது, எங்க வீட்டுக்காரருக்கு மணக்குது, அந்தப் படம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். டாக்டர்கிட்ட போனா (எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல) "மூக்குல ஒண்ணுமில்லம்மா, டென்ஷன், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க". எட்டு மாசம் காபி குடிக்காதவளுக்கு ரெஸ்டாம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். டேவிட் லூயிஸ்னு இன்னொரு தத்துவ அறிஞர் ஜாக்சனுக்கு என்ன பதில் சொன்னாருன்னா, மேரிக்குப் புதுசா எந்தத் தகவலும் கிடைக்கல, கிடைச்சது ஒரு திறமைதான், சிவப்பை நினைச்சுப் பாக்க, அடையாளம் கண்டுக்கன்னு. சைக்கிள் ஓட்டக் கத்துக்கற மாதிரி. எனக்கு இது ஒத்து வரல. அந்த டயர் நாத்தத்தை இப்ப எவ்வளவு முயற்சி பண்ணாலும் மனசுல கொண்டுவர முடியல, எந்தத் திறமையும் எங்கிட்ட மிச்சமில்ல. ஆனா மோந்த அந்த ரெண்டு செகண்ட் அது எப்படி இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது, மறுக்கவே முடியாது.

சரி, அதனால பிசிகலிசம் போச்சான்னா, அதுவும் இல்ல. எங்க சித்தப்பா பையன் ஒருத்தன், சத்சங்கம் அது இதுன்னு போறவன், "பாத்தியா அக்கா, அதான் ஆத்மா, மெஷினுக்கு எட்டாது"ங்கறான். டேய், ஆத்மாதான் மோந்து பாக்குதுன்னா ஒரு வைரஸ் வந்து நாலு செல்லை அடிச்சவுடனே அது எங்கடா போச்சு? போனதும் உடம்பால, வந்ததும் உடம்பால, கோணலா வந்தது கூட நரம்பு கோணலா முளைச்சதாலன்னுதான் சொல்றாங்க.

நான் இப்படித்தான் புரிஞ்சு வெச்சிருக்கேன். எழுத்துல "கடலூர் முதுநகர்"னு இருக்கும், நாங்க ஓ.டி.ம்போம். மேப்ல முதுநகரைக் கரைச்சுக் குடிச்ச ஒருத்தர் முதல் தடவை இங்க வந்து இறங்கி, மீன் நாத்தமும் உப்பங்காத்தும் மூஞ்சில அடிக்க, "ஓ, இதானா ஓ.டி."ன்னு நின்னா அவருக்குப் புதுசா ஒண்ணு தெரிஞ்சிருக்கு, சத்தியமா. ஆனா புதுசா ஒரு ஊரு முளைக்கலயே. வாசனையும் அப்படித்தான், அதே உடம்பை வேற விதமாத் தெரிஞ்சுக்கறோம், புதுசா ஒரு பொருள் வந்துடல. ஜாக்சனே பின்னாடி தன் வாதத்தைக் கைவிட்டுட்டாரு, அதுக்காக நான் இதைச் சொல்லல. அந்த நரம்பு துடிச்சா ஏன் இப்படித்தான் மணக்கணும், ஏன் எதுவாவது மணக்கணும், அது எனக்கு இன்னும் பிடிபடல, அதையும் ஒத்துக்கறேன்.

மூக்கு திரும்ப வந்ததுல ஒரு இம்சை, எங்க பக்கத்து ஒரு கம்பெனி ராத்திரி பதினொரு மணிக்கு மேல விடற நாத்தக் காத்தும் சேர்ந்து வந்துடுச்சு. புகார் குடுத்தா ஆபீசருங்க பகல்ல மீட்டரோட வந்து "லிமிட்டுக்குள்ளதான் இருக்கு"ன்னு எழுதிட்டுப் போறாங்க. ராத்திரி வந்து ஒரு மூச்சு இழுங்க சார்னேன், சிரிக்கறாரு.

காபி இப்ப பரவால்ல. ஆனா இது பழைய காபி மணம்தானா, இல்ல பழசை மறந்துட்டு இதையே பழசுன்னு நினைச்சுக்கறேனான்னு தெரியல. டேனியல் டெனட்ங்கற தத்துவ அறிஞர் 1988ல ரெண்டு காபி டேஸ்டரை வெச்சு கிட்டத்தட்ட இதே சந்தேகத்தைக் கிளப்பி, அப்படி உள்ளுக்குள்ள ஒரு "மணம்"ங்கறதே சந்தேகம்தான்னு போயிட்டாரு. நான் அவ்வளவு தூரம் போகல. அத்தையைக் கூப்பிட்டு "டிகாஷன் நல்லா மணக்குதா"ன்னு கேட்டுட்டுதான் இன்னும் குடிக்கறேன்.