பிங் போகிறது, பழைய கணினி மட்டும் தெரியவில்லை: டேப் பிரிட்ஜைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: இரண்டு இடங்களிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி (திறந்தமூல ரவுட்டர் மென்பொருள்) ரவுட்டர்கள் உள்ளன, இடையே ஓப்பன்விபிஎன் டேப் இணைப்பு (இணையம் வழியே செல்லும் குறியாக்கச் சுரங்கம்). ஒருபுறம் பழைய ஸ்கேனரை இயக்கும் விண்டோஸ் 98 கணினி, மறுபுறம் எக்ஸ்பி கணினி. இரண்டும் நெட்பியூஐ என்ற பழைய விண்டோஸ் நெட்வொர்க் நெறிமுறையில் பேசிக்கொள்பவை. 10.8.0.1-க்கு எப்போதும் பிங் போகிறது. ஆனால் 98 கணினி சில சமயம் தெரிகிறது, சில சமயம் இல்லை. தெரியும்போதும் பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் உறைந்துவிடுகிறது. போதாததற்கு, வீட்டு லேப்டாப்களில் இணையம் அவ்வப்போது மிக மெதுவாகிறது. எங்கே கோளாறு?

மூன்று அறிகுறிகள், மூன்று தனித்தனிக் காரணங்கள். டேப் முறையைத் தேர்ந்தெடுத்தது சரியே. நெட்பியூஐக்கு ஐபி முகவரி கிடையாது, அதை ரூட் செய்யவும் முடியாது. ஓப்பன்விபிஎனின் மற்றொரு முறையான டன்னோ, வயர்கார்டு என்ற வேறு விபிஎன்னோ ஐபி பாக்கெட்டுகளை மட்டுமே சுமக்கும். ஈத்தர்நெட் ஃபிரேமை (உள்ளூர் நெட்வொர்க்கில் ஓடும் தரவுப் பொதியை) அப்படியே கடத்த டேப்தான் வேண்டும்.

முதலில் அந்த பிங். 10.8.0.1 என்பது, கான்ஃபிக் கோப்பிலுள்ள ‘சர்வர்’ வரி டேப் இடைமுகத்துக்குக் கொடுத்த முகவரி. அது பதில் சொன்னால் சுரங்கம் திறந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். டேப் பிரிட்ஜுக்குள் (போர்ட்களை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் மென்பொருள் பாலத்துக்குள்) இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி அல்ல. பிரிட்ஜில் சேர்ந்த இடைமுகத்துக்குத் தனி ஐபி இருக்கவே கூடாது. அந்த வரியை நீக்கிவிட்டு, சர்வர் பக்கத்தில் ‘மோட் சர்வர்’, ‘டிஎல்எஸ்-சர்வர்’ என்ற இரு வரிகளைப் போடுங்கள். கிளையன்ட் பக்கம் ‘கிளையன்ட்’ என்ற வரி போதும்.

98 கணினி வந்து வந்து மறைவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: ஓப்பன்விபிஎன் மறுபடி தொடங்கும்போது பழைய டேப் இடைமுகம் அழிந்து புதிதாக ஒன்று பிறக்கிறது. கையால் கட்டளை கொடுத்துச் சேர்த்திருந்தால், புதியது பிரிட்ஜுக்கு வெளியே நிற்கும். கான்ஃபிக்கில் வெறும் ‘டேப்’ என்று எழுதாமல் ‘டேப்0’ என்று எண்ணோடு எழுதுங்கள். அந்தப் பெயரை ரவுட்டரின் நெட்வொர்க் அமைப்பில், பிரிட்ஜின் போர்ட் பட்டியலிலேயே நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள் (எந்த பிரிட்ஜ் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்). இடைமுகம் எப்போது பிறந்தாலும் ரவுட்டர் தானே இணைத்துக்கொள்ளும். இதை இரு ரவுட்டர்களிலும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இணைந்ததா என்று பார்க்க ஏஆர்பியை (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் முறையை) தேடாதீர்கள். நெட்பியூஐயில் அது இல்லை. எக்ஸ்பி பக்கத்து ரவுட்டரில், கடந்துபோகும் ஃபிரேம்களைக் காட்டும் டிசிபிடம்ப்பை டேப்0 மீது ஓடவிட்டு, 03:00:00:00:00:01 என்ற மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டு அளவிலான முகவரிக்கு) வரும் ஃபிரேம்களை மட்டும் வடிகட்டுங்கள். நெட்பியூஐ கணினிகள் பெயரைத் தேடும்போது கூவி அழைப்பது இந்த முகவரிக்குத்தான். 98 கணினியைத் திறந்து நெட்வொர்க் நெய்பர்ஹுட்டைச் சொடுக்கியதும் இங்கே ஃபிரேம் வந்தால் பாலம் சரி. வராவிட்டால் 98 பக்கத்து ரவுட்டரில், முதலில் அதன் லேன் போர்ட்டிலும் பிறகு டேப்0-விலும் இதையே பாருங்கள். எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. நடுவில் வைஃபை ரிப்பீட்டர் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்: சாதாரண கிளையன்ட் முறை வைஃபையில் பின்னாலிருக்கும் சாதனத்தின் மேக் முகவரி பயணிக்காது. அந்த இடைவெளியை நிரப்பும் ரிலேடி மென்பொருள் போன்ற மாற்று வழிகள் ஐபிக்கு மட்டுமே உதவும்.

நகலெடுக்கும்போது உறைவது அளவுப் பிரச்சினை. கோப்புப் பட்டியல் சிறு ஃபிரேம்களில் வந்துவிடும். கோப்பு முழு அளவு ஃபிரேம்களில் வரும். முழு ஃபிரேம் 1514 பைட். ஏஇஎஸ்-ஜிசிஎம் குறியாக்கத்தில் ஓப்பன்விபிஎன் சேர்ப்பது 24, யூடிபி 8, ஐபி 20. மொத்தம் 1566. வெளியே செல்லும் வழி தாங்குவதோ 1500 பைட், பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் இணைப்புகளின் உள்நுழைவு முறை) என்றால் 1492. பாக்கெட் இரண்டாக உடைந்தே போக வேண்டும். வழியில் ஏதாவது ஒரு ஃபயர்வாலோ நாட் பெட்டியோ துண்டுகளைக் கைவிட்டால் ஃபிரேமே போயிற்று. இதற்குக் கான்ஃபிக்கில் ‘எம்எஸ்எஸ்ஃபிக்ஸ்’ என்ற வரியைப் போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அது டிசிபிக்கான மருந்து, நெட்பியூஐயைத் தொடவே தொடாது. உங்களுக்குத் தேவை ‘ஃபிராக்மென்ட் 1300’ என்ற வரி. இது சுரங்கத்துக்குள்ளேயே ஃபிரேமை உடைத்து மறுமுனையில் ஒட்டும். இரு முனையிலும் இருக்க வேண்டும், சுரங்கம் யூடிபியில் ஓட வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்டால் இணைப்பு ஏற்பட்டது போலத் தெரியும், தரவு நகராது.

லேப்டாப் மெதுவாவது டிஎச்சிபி (சாதனங்களுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் முறை) குழப்பம். இரு ரவுட்டர்களும் ஒரே பாலத்தில் நிற்பதால், லேப்டாப்பின் கேள்விக்கு இரண்டுமே பதில் சொல்கின்றன. தொலைவிலுள்ளது முந்திக்கொண்டால் அதுவே லேப்டாப்பின் கேட்வே (இணையத்துக்கான வாசல்) ஆகிவிடும்; இணையப் போக்குவரத்து முழுவதும் சுரங்கம் வழியே சுற்றிவரும். டேப்0-வில் யூடிபி 67, 68 போர்ட்களைத் தடுப்பது வழக்கமான தீர்வு.

ஆனால் உங்கள் தேவைக்கு இந்தத் தடுப்பே வேண்டாம். டேப்0-வை வீட்டு பிரிட்ஜில் சேர்ப்பதுதான் தவறான தொடக்கம். ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒரு லேன் போர்ட்டை, உதாரணமாக லேன்4-ஐ, வீட்டு பிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். புதிய பிரிட்ஜ் ஒன்றை உருவாக்கி அதில் லேன்4, டேப்0 இரண்டை மட்டும் வையுங்கள். அதற்கான இடைமுகத்தின் புரோட்டோகால் ‘அன்மேனேஜ்டு’. ஐபி வேண்டாம், டிஎச்சிபி வேண்டாம். டிஎஸ்ஏ (ஸ்விட்ச் போர்ட்களைக் கையாளும் புதிய முறை) உள்ள புதிய பதிப்புகளில் ஒவ்வொரு போர்ட்டும் தனிப் பெயரோடு தெரியும். பழைய ஸ்விட்ச் அமைப்பு என்றால் அந்தப் போர்ட்டுக்குத் தனி விலேன் (மெய்நிகர் நெட்வொர்க்) கொடுக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இரு கணினிகளும் இதனால் வீட்டு நெட்வொர்க்கிலிருந்து விலகியே இருக்கும். எக்ஸ்பிக்கு வீட்டு நெட்வொர்க்கும் தேவை என்றால் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, லேன்4-இல் செருகும் கார்டில் நெட்பியூஐயை மட்டும் டிக் செய்து வையுங்கள்.

வேகத்தை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நெட்பியூஐ சில ஃபிரேம்களை அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கும்; இரு இடங்களுக்கும் இடையிலான தாமதம் கூடக் கூட நகல் வேகம் சரியும். பெரிய ஸ்கேன் கோப்புகளை 98-லேயே ஜிப் செய்து அனுப்புவது நல்லது.