ஜேர்மன் மொழிச் சான்றிதழைக் காசுக்கு வாங்காதீர்கள்

கேள்வி: கணவர் 2009இல் அகதியாக ஜேர்மனிக்குச் சென்று, இப்போது நிரந்தர வதிவிட உரிமையுடன் இருக்கிறார். 2016இல் திருச்சியில் திருமணம் செய்தோம். 7 வயதில் மகளும் 2 வயதில் மகனும் உள்ளனர். ஓஎல் (சாதாரண தரம்) வரையே படித்த எனக்கு, கணவரிடம் போகும் விசாவுக்குத் தேவையான ஏ1 என்ற தொடக்கநிலை ஜேர்மன் மொழிச் சான்றிதழைப் பரீட்சை இல்லாமலே எடுத்துத் தருவதாகவும், மொழியை அங்கே போய்ப் படிக்கலாம் என்றும் முகவர் ஒருவர் கூறுகிறார். நம்பலாமா? சிறு பிள்ளைகளோடு எப்படிப் படிப்பது? (சாவகச்சேரி வாசகி)

பதில்: சகோதரி, அந்த முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். போலிச் சான்றிதழை விசாவுக்குச் சமர்ப்பிப்பது ஜேர்மன் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அது பிடிபட்டால் விசா மறுக்கப்படுவதோடு அடுத்த விண்ணப்பமும் சந்தேகத்துடனேயே பார்க்கப்படும். என்னிடம் வந்த ஒரு தாய், நகைகளை அடகு வைத்து வாங்கிய சான்றிதழுடன் தூதரகத்துக்குப் போய், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று ஜேர்மனில் கேட்கப்பட்டபோது வாய் திறக்க முடியாமல் நின்றார். வகுப்பு நடத்துவோர் தாமே அச்சடித்துத் தரும் சான்றிதழும் விசாவுக்குச் செல்லாது. கொழும்பு 7, கிறெகரி வீதியில் உள்ள, ஜேர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிறுவனத்தின் ஏ1 பரீட்சையில் சித்தியடையுங்கள். அதற்கு எந்த வகுப்பிலும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"அகதியாகப் போனவரின் மனைவிக்கு மொழிப் பரீட்சை வேண்டாம்" என்று ஊரில் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. அகதி அந்தஸ்துப் பெற்றவர் ஜேர்மனிக்குக் குடிபெயர்வதற்கு முன்பே அந்தத் திருமணம் நடந்திருந்தால்தான் விலக்கு உண்டு. பின்னர் நல்லூரில் நடந்தாலும் திருச்சியில் நடந்தாலும், எத்தனை பிள்ளைகள் பிறந்திருந்தாலும், அது பொருந்தாது. திருமணத் திகதியை மாற்றி எழுதித் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு மொழிச் சான்றிதழ் தேவையில்லை.

பரீட்சை நீங்கள் அஞ்சுமளவு கடினமானதன்று. கேட்டல், வாசித்தல், எழுதுதல் ஆகியவற்றுக்கு 65 நிமிடங்களும் பேசுவதற்கு ஏறத்தாழ 15 நிமிடங்களும் உண்டு; 100க்கு 60 புள்ளிகள் போதும். நம்மவர்கள் இடறுவது பெயரை எழுத்துக்கூட்டும் இடத்தில்தான். ஆங்கிலத்தில் 'ஏ' எனப்படும் எழுத்து ஜேர்மனில் 'ஆ'. 'ஈ' எனப்படுவது 'ஏ'. 'ஐ' எனப்படுவது 'ஈ'. இருபத்தொன்றை அவர்கள் 'ஒன்றும் இருபதும்' என்று சொல்வதால், தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு எழுதும்போது 21 என்பது 12 ஆகிவிடும். மகனை உறங்க வைத்தபின் நாள்தோறும் ஒரு மணி நேரம், மகளையும் அருகில் இருத்தி, வாய்விட்டுப் படியுங்கள். இந்த 80 நிமிடங்களுக்காகப் பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஓட வேண்டியிருப்பது எனக்கு எப்போதும் ஆத்திரத்தையே தருகிறது.

அங்கே போனபின், குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பு உண்டு. 45 நிமிடப் பாடங்களாக மொழிக்கு 600, நாட்டின் சட்டம், வரலாறு முதலியவற்றுக்கு 100. அதில் சேரும் உரிமை வதிவிட அனுமதி கிடைத்து ஓராண்டில் காலாவதியாகும் என்பதைப் பலர் பிந்தியே அறிகிறார்கள். மகனை எங்கே விடுவது என்பதுதான் பெரிய சிக்கல். ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குப் பராமரிப்பு இடம் பெறும் சட்ட உரிமை 2013 ஆகஸ்டு 1 முதல் இருக்கிறது. ஆனால் பல நகரங்களில் இடம்தான் இல்லை. தாய் ஜேர்மன் படித்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தும் அரசு, பிள்ளைக்கு இடம் தராமல் அவளை வீட்டில் இருத்துவது எந்த வகையிலும் நியாயமன்று.

ஆகவே, நீங்கள் போய்ச் சேரும்வரை காத்திராமல், மகனின் பராமரிப்பு இடத்துக்குப் பதிவு செய்யும் வழியை நகரசபையில் இப்போதே விசாரிக்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். இடம் இல்லை என்று வரும் ஒவ்வொரு கடிதத்தையும் கோப்பில் வைத்திருங்கள். உங்கள் தவறின்றி வகுப்பில் சேர முடியாமற் போயிருந்தால் அந்த ஓராண்டுக் கெடு உங்களைக் கட்டுப்படுத்தாது. அப்போது அதைக் காட்டுவதற்கு அந்தக் கடிதங்கள் வேண்டும்.