குன்னூர் வீட்டு அலமாரியில் 8 வருஷமாக இருக்கும் வெள்ளை ஒயினைக் குடிக்கலாமா?

எந்தத் திராட்சை என்பதைப் பொறுத்தது. சோவிஞோன் பிளாங்க் என்றால் பெரும்பாலும் ஆசையை விட்டுவிடுங்கள். 2, 3 வருஷத்துக்குள் காலி பண்ண வேண்டிய சரக்கு அது. ரீஸ்லிங், செனின் பிளாங்க் இரண்டிலும் புளிப்பு தூக்கல். அந்தப் புளிப்பு ஒயினைக் காப்பதால் நல்ல தயாரிப்பு 20 வருஷம்கூடத் தாங்கும்.

மலைக்குளிர் உதவும், 12–13 டிகிரியில் ஒரே சீராக இருந்தால். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறித் தாக்கினால் ஒயின் விரிந்து சுருங்கி, கார்க் ஓரமாகக் காற்றை இழுக்கும். கணப்புக்கு மேலுள்ள அலமாரி ரொம்ப மோசம். கார்க் காயாமலிருக்க பாட்டிலைப் படுக்கவையுங்கள்.

திறந்து கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். பொன்னிறம் என்றால் பயமில்லை. டீ டிகாக்‌ஷன் நிறமாகி, வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை அடித்தால் காற்று புகுந்து கெட்டுவிட்டது, சமையலுக்கும் ருசிக்காது. அடியில் கற்கண்டுத் துகள் மாதிரி கிடப்பது டார்ட்டாரிக் அமில உப்பு, கெடுதல் இல்லை.