டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தைக்குத் தைராய்டு நோயும் சேர்ந்து வருவது ஏன்?

மகளுக்கு ஏற்கெனவே டைப் 1 நீரிழிவு, இப்போது தைராய்டும் குறைந்திருக்கிறது, எங்கள் கவனக்குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றே: உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்குவது. சொந்தத் திசுக்களையே தாக்கக்கூடிய நோய் எதிர்ப்பு அணுக்களை, நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பி களையெடுக்க வேண்டும். தப்பியவற்றை உடல் அடக்கிவைக்க வேண்டும். தன் திசு எது, அந்நியம் எது என்று பிரித்தறிய உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் டி.ஆர்.3, டி.ஆர்.4 போன்ற வகைகள் உள்ள சிலரிடம் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. பிறகு கணையம், தைராய்டு, சிறுகுடல் என ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் தாக்கப்படலாம். அதனால்தான் இக்குழந்தைகளுக்கு அறிகுறியே இல்லாவிட்டாலும் தைராய்டு, சீலியாக் (கோதுமை போன்றவற்றில் உள்ள புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) பரிசோதனைகளை அவ்வப்போது செய்கிறார்கள். மிக அரிதாக, ஒரே ஒரு மரபணுவின் பழுதாலும் பல சுரப்பிகள் பாதிக்கப்படுவதுண்டு.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இன்சுலின் அளவை மாற்றாமலே சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால், நீரிழிவு குணமாகிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். கூடவே சோர்வு, எடைக் குறைவு, உப்பின் மேல் தீராத ஆசை, ஈறுகளும் தோல் மடிப்புகளும் கருத்தல் இருந்தால், சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி செயலிழந்துகொண்டிருக்கலாம். தைராய்டு மாத்திரை தொடங்கும் முன்பே இதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அட்ரினல் குறைபாட்டைச் சரிசெய்யாமல் அம்மாத்திரையைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.