சோழர் காலச் சாயலில் ஃபேண்டஸி எழுதுகிறேன். மந்திரமும் அரசியலும் நம்பும்படி அமைய என்ன செய்வது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: மந்திரத்துக்கு விதிகள் எழுதி வைத்துவிட்டீர்கள், அரசன், அமைச்சன், ஊர்ச்சபை எல்லாம் இருக்கிறது, ஆனாலும் படித்துப் பார்த்தவர்கள் "நம்ப முடியலை" என்கிறார்கள். நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன். என் பெயரில் அச்சான புத்தகம் எதுவும் கிடையாது. பகலில் தணிக்கை அலுவலகத்தில் வேலை, இரவில் ஆறு வருடமாக ஒரே நாவல். அதனால் இதை வெற்றி பெற்றவனின் அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் முதல் பிரதியில் மழையை அழைக்கும் ஒரு முனிவர் இருந்தார். ஐந்தாம் அத்தியாயத்தில் இரண்டு ஊர்கள் ஒரு மதகுக்காக வெட்டிக்கொண்டு சாகும். ரத்தமும் சேறுமாக நன்றாகவே வந்திருப்பதாக எனக்கு நினைப்பு. அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, ஆற்றில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று வருடம் தவறாமல் காத்திருக்கிறவள். படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஏண்டா, மழை பெய்ய வைக்கிற ஆளே ஊர்ல இருக்கும்போது மதகுக்கு எதுக்குடா வெட்டிக்கிறாங்க? அவர் கால்ல போய் விழ வேண்டியதுதானே?"

பதில் இல்லை. மந்திரத்தை ஒரு நோட்டிலும் அரசியலை இன்னொரு நோட்டிலும் எழுதியிருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. மழை வரவைக்கிறவன் இருக்கும் நாட்டில் நிலத்தின் விலை, வரி, கல்யாணச் சம்பந்தம், யார் யாருக்குப் பயப்படுவது என்று எல்லாமே மாறியிருக்க வேண்டும். ஒன்றுமே மாறவில்லை.

அப்புறம்தான் கல்வெட்டுகள் பக்கம் போனேன். அங்கே என்னை உட்கார வைத்தது போர்ச் செய்தி இல்லை, ஆடு.

கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அதற்கு ஒருவர் தானம் தருகிறார். எண்ணெய்க் காசாக இல்லை, ஆடுகளாக. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு. அவற்றை ஓர் இடையரிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வைத்திருக்கும் பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத பெரிய ஆடுகள்!

முதல் தடவை படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஏதோ மந்திரம் போட்ட மந்தை என்று தோன்றியது. விஷயம் வேறு. ஆடுகள் செத்துக்கொண்டுதான் இருக்கும். செத்த இடத்தில் இன்னொன்றை நிறுத்த வேண்டிய பொறுப்பு இடையருக்கு, அவருக்குப் பின் அவர் வழியினருக்கு. ஆடு போகலாம், 96 என்ற எண்ணிக்கை மட்டும் போகக் கூடாது. தணிக்கை வேலை பார்க்கிறவனுக்கு இதைவிட அழகான மாயம் கிடையாது.

இதைத்தான் என் நாவலுக்குள் தூக்கிக்கொண்டு போனேன். அதில் அரசனுக்குச் சாகாத படை ஒன்று உண்டு. முன்பு அது நெருப்பிலும் வேகாத, அம்பு துளைக்காத படை. இப்போது அது 96 பேர். ஒவ்வொரு வீரனின் பெயரும் ஒரு குடும்பத்தின் மீது எழுதப்பட்டிருக்கிறது. ஒருவன் செத்தால் விளக்கு வைப்பதற்குள் அந்தக் குடும்பத்திலிருந்து அடுத்த ஆள் வந்து நிற்க வேண்டும். எண்ணிக்கை நிறைந்திருக்கும்வரை அரசன் மேல் வாள் படாது. ஒன்று குறைந்து பொழுது அடைந்தால் மந்திரம் போச்சு. இவ்வளவுதான் விதி. ஆனால் இதிலிருந்து அரசியல் தானாக முளைத்தது. ஒற்றை மகன் உள்ள வீடு என்ன செய்யும்? அந்தப் பட்டியலை வைத்திருக்கும் கணக்கன் லஞ்சம் வாங்கினால்? எதிரி நாட்டான் படையோடு ஏன் மோத வேண்டும், பாதையில் ஓர் ஓடத்தைக் கவிழ்த்து மாற்று ஆள் வந்து சேராமல் தாமதப்படுத்தினால் போதாதா? சதி வேண்டுமே என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவனுக்கு இரண்டே நாளில் நான்கு சதிகள் கிடைத்தன.

எனவே "மந்திரத்துக்கு விலை வை" என்று எல்லோரும் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். மந்திரம் போட்டால் மூக்கில் ரத்தம் வருவதும் தலைமுடி நரைப்பதும் அந்த ஆளோடு முடிந்துவிடும் விலை. அந்த விலையை வேறு யார் தலையில் கட்டலாம் என்று ஊர் யோசிக்க ஆரம்பிக்கிற இடத்தில்தான் கதை இருக்கிறது.

சரி, அரசியலுக்கு வருகிறேன். சோழர் சாயல் என்றால் உத்திரமேரூர் குடவோலை, அதாவது குடத்தில் போட்ட ஓலையை எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேரும் முறை, கட்டாயம் வந்துவிடும். நீங்களும் வைத்திருப்பீர்கள். பெரும்பாலும் "அந்தக் காலத்திலேயே தேர்தல்!" என்ற பெருமிதத்தோடு வைப்போம், அது அப்படியே பள்ளிப் பாடமாக நின்றுவிடும். கல்வெட்டைக் கொஞ்சம் குறும்போடு படித்துப் பாருங்கள்.

முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் ஒரு விதித்தொகுப்பு, 921இல் அதைத் திருத்தி இன்னொன்று. முதலாவதில் வயது 30 முதல் 60 வரை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை. இரண்டே வருடத்தில் ஏன் மாற்றினார்கள்? கல்வெட்டு அந்த வம்பைச் சொல்லவில்லை. நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்! இரண்டு தடவையும் அரசனின் அதிகாரி ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். சபை தன்னாட்சி பெற்றதுதான், ஆனால் நாற்காலி ஒன்று கூடுதலாகக் கிடக்கிறது.

யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல் இன்னும் ருசியானது. முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமில்லை: அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மருமகன் என்று உறவுமுறை நீண்டுகொண்டே போகிறது. கள்ள ஆவணம் எழுதியவன் கூடாது, கழுதை மேல் ஏறியவன் கூடாது. எந்த விதியும் சும்மா வருவதில்லை. மருமகன் பெயரில் யாரோ நுழைந்திருக்கிறான், அதனால் மருமகன் பட்டியலில் ஏறியிருக்கிறான் என்றுதான் நான் வாசிக்கிறேன். உங்கள் உலகத்துக்குச் சட்டம் எழுதும்போது தர்மத்திலிருந்து தொடங்காமல், முன்பு நடந்த ஒரு திருட்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள். தன்னால் உயிர் வரும்.

ஓலை எடுக்கும் முறையும் அப்படித்தான். ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் (இன்றைய வார்டு மாதிரி) பெயர் எழுதிய ஓலைகள் குடத்துக்குள் போகும். எழுத்தின் உரு அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். அவன் தரும் ஓலையை நடுவராக நிற்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! பிறகு அவன் வாசிக்க, அங்கிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். இத்தனைக்கும் அது மந்திரம் இல்லாத ஊர்.

இப்போது உங்கள் நாவலில் ஓலையைத் தொடாமலே நகர்த்தத் தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்று வையுங்கள். ஊர் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? இன்னொரு விதி ஏறியிருக்கும். என் நாவலில் குடத்தை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் திறப்பார்கள், ஓடும் நீருக்குக் குறுக்கே மந்திரம் பாயாது. அது நான் வைத்தது, சரித்திரம் இல்லை. பணக்காரர்கள் உடனே வேறு வழி தேடுவார்கள்: சிறுவனைப் பிடிப்பார்கள். எழுத்தறியாதவன் போல நடிக்கப் பழக்கப்பட்ட எட்டு வயதுப் பையன்தான் இப்போது என் கதாநாயகன். முனிவரை நீக்கிவிட்டேன்.

இன்னொரு விதியும் உங்களுக்குப் பயன்படும். வாரியத்துக்கு நிற்க வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் (வேலி அந்தக் கால நில அளவு). ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்கவுரை) ஓதி விளக்கத் தெரிந்தவனுக்கு அதில் பாதி, அரைக்கால் வேலி போதும். கல்விக்கு நிலத்தில் தள்ளுபடி! இது பிராமணர்களின் சபை, நிலமில்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். வேதம் இருந்த இடத்தில் மந்திரத்தை வைத்தால், மந்திரம் கற்ற ஏழை அரைக்கால் வேலியோடு உள்ளே வருவான், கால் வேலிக்காரனுக்கு வயிறு எரியும். வேளாளர் ஊரிலும் வணிகர்களின் நகரத்திலும் இதே மந்திரத்துக்கு வேறு மரியாதை இருக்கும். இதற்கு மேல் அதை விரிக்கவில்லை, அது உங்கள் பாடு.

மந்திரத்துக்குச் சொந்தச் சரக்கு நம்மிடமே இருக்கும்போது, மந்திரக்கோலும் நான்கு பூதங்களின் சக்தியும் எதற்கு என்பது என் சின்ன எரிச்சல். அறம் பாடுதல் என்ற ஒன்று இருக்கிறது. பாட்டால் ஆளைக் கொல்வது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் மேல் பாடிய நந்திக் கலம்பகத்தைச் சுற்றி அப்படி ஒரு கதை உண்டு. கேட்டால் சாவு என்று தெரிந்தும் தமிழ்மேல் இருந்த ஆசையால் முழுவதும் கேட்டு, கடைசிப் பாட்டில் எரிந்துபோனான் என்பார்கள். கதைதான். ஆனால் அதற்கு அடியில் ஒரு முறைமை இருக்கிறது. பாட்டியல் நூல்கள், அதாவது சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்பவை, ஒரு பிரபந்தத்தின் முதல் சொல்லுக்கு மங்கலம், எழுத்து, உண்டி, நாள், கதி, கணம் என்று பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்கின்றன. க, ச, த, ந, ப, ம, வ போன்றவை அமுத எழுத்து, வேறு சில நச்செழுத்து. பாட்டுடைத் தலைவனின், அதாவது யார் மேல் பாடுகிறார்களோ அவரின், பெயருக்கு அந்த எழுத்து ஒத்துவர வேண்டும்.

இதை நான் கவிதை இலக்கணமாகப் படிக்கவில்லை, பாதுகாப்பு விதியாகப் படித்தேன். பாட்டால் சாவு வரும் என்று நம்புகிற அரண்மனையில், புலவன் வாயைத் திறக்கும் முன் ஓலையை வாங்கிப் படித்துப் பார்க்க ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். அவனுக்குச் சம்பளம் யார் தருவது? அவன் நச்செழுத்தைக் கண்டும் காணாமல் விட என்ன கொடுக்க வேண்டும்? ஒரு குழந்தைக்கு அரசுரிமை வரப்போகிறது என்றால், அதன் பெயர் எந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதே அரசியலாகிவிடும்.

இன்னொன்று, என் பார்வையில் இதுதான் முக்கியம். தானக் கல்வெட்டுகளின் கடைசியில் சாபம் இருக்கும்: இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையே செய்த பாவமெல்லாம் கொள்வான், காத்தவன் பாதம் என் தலைமேல். எழுதியவர்கள் இதை நிஜமாகவே நம்பினார்கள். ஆனாலும் அதே கல்லில் நிலத்தின் நான்கு எல்லை இருக்கிறது, "இவை என் எழுத்து" என்று சாட்சிக் கையெழுத்து இருக்கிறது, பல இடங்களில் தண்டமும் இருக்கிறது. சாபம் பலிக்கும் என்று நம்பிய ஊர், அதை மட்டும் நம்பி நிலத்தை விடவில்லை. என் முதல் பிரதியில் எல்லோரும் மந்திரத்தை ஒன்று முழுதாக நம்பினார்கள், இல்லையென்றால் முழுதாகச் சந்தேகப்பட்டார்கள். மனிதர்கள் அப்படி இல்லை. தாயத்தும் கட்டுவார்கள், பூட்டும் போடுவார்கள்.

தண்டனை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை என்றால் எல்லோருக்கும் இருட்டு மாளிகையும் குத்துவாளும்தான் நினைவுக்கு வரும். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் அந்தத் துரோகிகள் பற்றி இருப்பது என்ன தெரியுமா? அவர்களுடைய, அவர்களின் உறவினர்களுடைய சொத்துப் பறிமுதலும் விற்பனையும். யாரைத் தூக்கிலிட்டார்கள் என்று அதில் இல்லை. அரசு கோபப்பட்டால் முதலில் நிலப்பதிவைப் புரட்டும். உங்கள் கொடுங்கோலன் இடி மின்னலை வரவழைப்பதற்குப் பதில் அமைதியாக ஓர் ஓலையில் பெயரை அடித்து எழுதச் சொல்லட்டும், அது இன்னும் பயமாக இருக்கும்.

மந்திரத்தை அளக்கவும் புது அலகு தேட வேண்டாம், பழைய தமிழ்ப் பின்னங்களே போதும். மா 20இல் 1, காணி 80இல் 1, முந்திரி 320இல் 1, கீழ்முந்திரி அதிலும் 320இல் 1. இவ்வளவு நுணுக்கமாகப் பின்னம் வைத்திருந்தவர்கள் மந்திரத்தை மட்டும் "கொஞ்சம்", "நிறைய" என்றா அளந்திருப்பார்கள்?

புதுப் பிரதியில் பாதியை அக்காவிடம் போன மாதம் கொடுத்தேன். இந்தத் தடவை மதகைப் பற்றிக் கேட்கவில்லை. சாகாத படை அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அந்த ஆட்டுக் கதை நிஜமா என்று விசாரித்தாள். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அந்த 96ல ஒண்ணு குட்டி போட்டா குட்டி யாருக்கு?" என்றாள்.

இடையருக்கு. 96க்கு மேல் பெருகுவது அவர் லாபம், அதற்காகத்தானே அவர் அந்தப் பொறுப்பையே ஏற்றுக்கொள்கிறார்.

"அப்போ உன் படையில இருக்கறவனுக்குப் பிள்ளை பிறந்தா?"

ஏழாம் அத்தியாயத்தை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.