வளவில் விழும் வெளிச்சம்: செட்டிநாட்டு வீட்டைப் படமெடுப்பது பற்றிக் கேள்வி பதில்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவை, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான நடுப்பகுதியை, நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: காலை எட்டரை மணி, நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, எதிரே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நிலைவாசல்கள், அவற்றைத் தாண்டிப் பின்கட்டுக் கதவு வரை தெரிகிறது. வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. வீடுகளின் உட்புறத்தைப் படமெடுப்பதுதான் பதினெட்டு ஆண்டுகளாக என் தொழில். அதில் பாதி நாள் காரைக்குடியைச் சுற்றித்தான் கழிந்திருக்கிறது.

அக்கா, அந்தப் படத்துக்கு என்ன லைட் வைத்தீர்கள்? நான் போனபோது வீடே இருட்டாக இருந்தது. – கல்லூரி மாணவி, திருச்சி

எதுவும் வைக்கவில்லை அம்மா. எரிந்துகொண்டிருந்த நான்கு டியூப்லைட்டையும் வீட்டுக்காரரிடம் கேட்டு அணைத்தேன். அந்தப் படத்துக்காக நான் செய்த பெரிய வேலை அதுதான்.

அந்த வீடு மின்சாரம் வருவதற்கு முன்பு கட்டியது. முற்றம்தான் அதற்கு விளக்கு. தெருவிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். திண்ணையில் வெளிச்சம், முகப்பில் நிழல், வளவில் மறுபடி வெளிச்சம், இரண்டாம் கட்டுக்குப் போகும் நடையில் நிழல். இப்படி மாறி மாறித்தான் பின்வாசல் வரை போகும். எல்லா விளக்கையும் போட்டுவிட்டால் இந்த வரிசை அழிந்து எல்லா இடமும் ஒரே தட்டாகிவிடும். அப்புறம் நிறமும் கெடும். குண்டு பல்பின் ஒளி மஞ்சள், வானத்திலிருந்து முற்றம் வழியாக வருவது நீலம் சாய்ந்தது. இரண்டும் ஒரே சுவரில் விழுந்தால் கேமரா எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்?

நேரம் முக்கியம். உச்சி வெயிலில் போகாதீர்கள். முற்றத்தின் நடுவில் வெள்ளைத் திட்டாக வெயில் விழும், சுற்றுத் தாழ்வாரம் கறுத்துப்போகும். காலை எட்டிலிருந்து பத்து வரை நல்லது. கிழக்கு வெயில் மேற்குத் தூண்களின் உச்சியில் பட்டு மெல்லக் கீழே இறங்கும். மேகம் மூடிய நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. மழை பெய்தால் எனக்கு அன்றைக்குத் திருவிழா.

இருட்டாகத் தெரிந்தது என்றீர்கள். பத்து நிமிடம் தாழ்வாரத்தில் சும்மா உட்காருங்கள். கண் பழகியதும் விட்டத்துச் செதுக்கல் வரை தெரிய ஆரம்பிக்கும். கேமராவுக்கும் அதே பொறுமைதான் தேவை. ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் ஒரு நொடியோ இரண்டு நொடியோ ஆகட்டும். வீடு ஓடப்போவதில்லையே. 1858-ல் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படக்காரர் மதுரைப் புதுமண்டபத்தின் உட்புறத்தை மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்திருக்கிறார். மின்விளக்கு கிடையாது, கூரையின் கீழ் அத்தனை நிழல். அந்தப் படங்களில் தூண் சிற்பங்கள் இன்றைக்கும் துல்லியமாக நிற்கின்றன.

போனில் எடுத்தால் சரிவருமா? 0.5 வைத்தால்தான் முழு வளவும் அடங்குகிறது. – கோவை

போன் போதும். அந்த 0.5தான் வேண்டாம். மிக அகன்ற லென்ஸில் ஓரத்தில் இருப்பதெல்லாம் இழுபடும். ஓரத்துத் தூண் இரண்டு மடங்கு பருத்து, எதிர்ச்சுவர் எங்கேயோ தள்ளிப்போய் நிற்கும். அந்த வீட்டைக் கட்டிய ஆசாரி தூணின் பருமனையும் இடைவெளியையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அதை நாம் மாற்றக் கூடாது. 1-இலேயே வைத்து, வாசல்நிலையின் வெளிப்பக்கம் வரை பின்னால் போய் நில்லுங்கள். இரண்டு தூண் விடுபட்டால் விடுபடட்டும். பார்ப்பவர் மனசு மீதியைப் போட்டு நிரப்பிக்கொள்ளும்.

என் படத்தில் தூண்கள் எல்லாம் உள்நோக்கிச் சாய்கின்றன. என்ன தப்பு? – நாகர்கோவில்

கேமராவை மேலே அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, கேமராவின் முதுகு எதிர்ச்சுவருக்கு நேராக இருக்கும்படி பிடியுங்கள். உயரம் போதவில்லை என்றால் இன்னும் பின்னால் போங்கள், அல்லது போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்துவிட்டுக் கீழ்ப்பகுதியை வெட்டுங்கள். சின்னச் சாய்வைப் பின்னால் செயலியில் நிமிர்த்தலாம். பெரிய சாய்வை நிமிர்த்தினால் தூண் நீண்டு, வேறு வீடாகிவிடும்.

எந்த உயரத்தில் கேமராவை வைக்க வேண்டும்? நெஞ்சு உயரம் என்று படித்தேன். – உள்ளலங்காரம் படிக்கும் மாணவர், சென்னை

சோபா, கட்டில், மேசை வைத்த வீட்டுக்கு அது சரி, தம்பி. செட்டிநாட்டு வீட்டில் நான் மூன்றடிக்கு மேல் போவதில்லை.

இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருநாள் தூண் மேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, வீட்டு ஆச்சி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதுவரை நின்றபடியே எடுத்த படங்களில் ஏதோ குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்ததும் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் பேசியது, சாப்பிட்டது, கணக்கு எழுதியது, பூத் தொடுத்தது எல்லாம் தரையில் உட்கார்ந்துதான். உட்கார்ந்த கண்ணுக்குத்தான் தூண் அதன் முழு உயரத்தோடு எழும். மரக்கூரை தெரியும். முற்றத்து விளிம்புப் பட்டியக்கல் ஒரு கோடாக ஓடும். நின்றால் தரை பரந்துவிடும், கூரை நழுவிவிடும். எந்த இடத்தையும் படமெடுக்கும் முன், அங்கே வாழ்ந்தவர்கள் எப்படி இருந்து அதைப் பார்த்தார்கள் என்று ஒரு தரம் இருந்து பாருங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜன்னல் அப்படியே பளபளக்கிறது. பூ வேலைப்பாடு தெரியவே இல்லை. – சேலம்

பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதைக் கையாள்வது சுலபம். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையாலேயே ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் கலவை போட்டு நிரப்புவார்கள். காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் நாம் மிதிக்கிற பக்கம். அந்தக் கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்துவிடுகிறது. கையால் ஊற்றுவதால் ஒரு பூப்போல் இன்னொரு பூ இருக்காது. நீங்கள் தேட வேண்டியது அந்தச் சின்ன நெளிவைத்தான்.

லென்ஸின் முன்னால் போலரைசர் வில்லை (பளபளப்பை வடிகட்டும் கண்ணாடி) போட்டுச் சாய்வாகப் பார்த்துக்கொண்டே திருப்பினால் பளபளப்பு பெருமளவு அடங்கும். முழுக்க அடக்கிவிடாதீர்கள். தரை செத்த மாதிரி ஆகிவிடும். நான் பூ தெரியும் அளவுக்குத் திருப்பிவிட்டு, முற்றத்து வானத்தின் கீற்று ஒன்றைத் தரையில் விட்டுவைப்பேன். போனில் எடுப்பவர்கள் இரண்டடி இடம் வலம் நகர்ந்து பார்த்தாலே போதும். நிறத்துக்கு ஒயிட் பேலன்ஸை (எதை வெள்ளை என்று கேமரா எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அமைப்பை) தானியங்கியில் விடாமல் பகல் ஒளிக்கு நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் செங்காவி ஒரு படத்தில் பழுப்பாகவும் அடுத்ததில் ஆரஞ்சாகவும் வரும்.

முற்றம் சரியாக வந்தால் அறை கறுக்கிறது, அறை வந்தால் முற்றம் வெளுக்கிறது. – ஈரோடு

ட்ரைபாடை அசைக்காமல் மூன்று படம்: சாதாரணமாக ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி. பிறகு இணைத்துக்கொள்ளலாம். இணைக்கும்போது எல்லா மூலையையும் வெளுக்க வைக்காதீர்கள். நிழலும் அந்த வீட்டின் சொத்துதான்.

பெல்ஜியம் கண்ணாடியில் நானே தெரிகிறேன். – புதுச்சேரி

பக்கவாட்டில் நகருங்கள். போலரைசர் இதற்கு உதவாது. கண்ணாடிக்கு நேராக நின்றே ஆக வேண்டுமென்றால் டைமர் போட்டுவிட்டு விலகி, ட்ரைபாட் மட்டும் தெரியும் இடத்தைப் பின்னால் சரிசெய்யலாம். கண்ணாடியில் எதிர்ச்சுவரின் தஞ்சாவூர் ஓவியமோ ரவிவர்மா அச்சுப்படமோ விழும்படி ஒரு கோணம் கிடைக்கிறதா என்றும் தேடுங்கள். பல வீடுகளில் கண்ணாடியை முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பதால் தரைகூட அதில் அழகாக விழும்.

அம்மா, பர்மா தேக்கு, இத்தாலி பளிங்கு என்று எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வடிவமைப்பு என்று ரசிக்க அங்கே என்ன இருக்கிறது? – ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு வணக்கம், டீச்சர். பணம் உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த ஊர்களின் நகரத்தார், அதாவது செட்டியார்கள், பர்மா, இலங்கை, மலேயா என்று போய்க் கொண்டுவிற்ற பணம். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த ஊற்று வற்றிப்போனது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை அந்த இடைக்காலத்தில் எழுந்தவை. ஆனால் பணம் மட்டும் வீடு கட்டாது.

முதலில் காற்றைப் பாருங்கள். முன்வாசலிலிருந்து பின்தெரு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வெயிலில் சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போகும், நிழலில் குளிர்ந்தது அந்த இடத்துக்கு நகர்ந்து வரும். சுவர் கனம், கூரையில் ஓடு மேல் ஓடாக அடுக்கு. சித்திரை மாதத்தில் தெருவிலிருந்து உள்ளே வந்தால் உடம்புக்கே தெரியும்.

அடுத்து மழை. நாலு பக்கத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும். வறண்ட சிவகங்கைச் சீமையில் ஒரு சொட்டையும் வெளியே விடக் கூடாது என்ற எண்ணம். தண்ணீர் குழாய் வழியாக இறங்கி அண்டாக்களில் நிறையும்.

சுவர்ப் பூச்சைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. இழைத்து இழைத்துப் பளிங்காக்கியிருப்பார்கள். அதுவும் அழகுக்கு மட்டும் இல்லை. முற்றத்து ஒளியை வாங்கி இருட்டு மூலைக்குத் தள்ளுவது அந்தச் சுவர்தான்.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கோயில் வரிக்கணக்கில் அந்தத் தம்பதி ஒரு புள்ளி, அதாவது ஒரு தனிக் குடும்பக் கணக்கு. ஒரே கூரைக்குக் கீழே தனித்தனிக் குடும்பம், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக வானம். இதை ஒரு படத்தில் சொல்ல முடிந்தால் அதைவிடப் பெரிய படம் வேண்டாம்.

இன்னொன்று. முகப்பில் தேக்கும் பளிங்கும் மினுக்கும். பின்கட்டுக்குப் போகப் போகக் கல்தூண், சாதாரணத் தரை, அம்மி, உரல், புகைபடிந்த சுவர். ஆண்கள் வரவேற்றுப் பேரம் பேசிய இடம் முன்னால். பெண்களும் வேலையாட்களும் நாள் முழுக்க உழைத்த இடம் பின்னால். நாம் பார்க்கும் படங்களில் பத்துக்கு ஒன்பது முகப்பும் வளவும்தான். பின்கட்டைப் படமெடுக்காதவர் அந்த வீட்டில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார் என்பேன்.

ஆள் இருக்க வேண்டுமா, காலியாக எடுப்பதா? – மதுரை

இரண்டும் எடுங்கள். பட்டுப்புடவை கட்டிய மாடலை ஊஞ்சலில் உட்காரவைப்பது மட்டும் எனக்கு ஒப்பாது. தரை துடைக்கிற அம்மாவோ, வற்றல் காயவைக்கிற ஆச்சியோ சம்மதித்தால் எடுங்கள். தூணின் உயரம் அப்போதுதான் கண்ணுக்குப் புரியும்.

அனுமதி வாங்குவது எப்படி? – பெங்களூரு

பல வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். ஊரூராகச் சிதறியிருப்பார்கள். காவல் பார்ப்பவர் கதவைத் திறந்துவிட்டார் என்பதற்காக அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பங்காளிகளில் ஒருவரிடமாவது போனில் பேசுங்கள். பூசையறை, பெட்டக அறை பக்கம் கேட்காமல் கேமராவைத் திருப்பாதீர்கள். ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகளும், தங்கும் விடுதியாக மாறிய வீடுகளும் இருக்கின்றன. பழகுவதற்கு அங்கே தொடங்கலாம்.

ட்ரைபாட் கால்களுக்கு ரப்பர் போட்டே ஆக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் என் ட்ரைபாடின் இரும்பு முனை ஒரு கல்லில் கீறல் போட்டுவிட்டது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் கீறல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் பூர்வீக வீட்டை அடுத்த மாதம் பிரித்து விற்கப்போகிறார்கள். உள்ளே போக ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். என்ன எடுக்க வேண்டும்? – சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்

படித்ததும் வருத்தமாக இருந்தது தம்பி. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பிடித்தன. அப்படியும் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன.

அன்றைக்கு அழகான படத்துக்கு அலையாதீர்கள். விடியும் முன்பே போய்விடுங்கள். ஒவ்வோர் அறையிலும் நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம், நேராக, ஒரே உயரத்தில். பிறகு கூரை, தரை. ஒவ்வொரு நிலைவாசலையும் நேர் எதிரே நின்று, பக்கத்தில் அளவு நாடாவை விரித்துப் பிடித்து எடுங்கள். தூணின் அடி, நடு, உச்சியில் விட்டத்தைத் தாங்கும் போதிகை. எந்தப் படம் எந்த இடம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போங்கள். நாலைந்து வருடம் கழித்து உங்களுக்கே குழம்பும். வயதானவர் யாராவது கூட வந்தால் அவர் பேசுவதைப் போனில் பதியுங்கள். யாருக்கு எந்த அறை, எந்த மூலையில் தொட்டில் கட்டினார்கள் என்பதெல்லாம் படத்தில் வராது.

எந்த ஊர், என்ன தேதி என்று எழுதுங்கள். மாதத்தின் முதல் இரண்டு வாரம் நான் தேவகோட்டைப் பக்கம்தான் இருப்பேன். கேமராவும் நாடாவும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.